நான்காவது கப்பல்

2006 ஜூலை 12 அன்று லெபனான் எல்லையில் போர் மூண்டது. அடுத்த நாளே பெய்ரூட் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் இஸ்ரேலியக் குண்டுவீச்சில் சிதைந்தன. வேலை தேடிப்போன ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். அப்போது மத்தியதரைக் கடல் நாடுகளில் நல்லெண்ணப் பயணத்தை முடித்துக்கொண்டு நான்கு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றை வழிமறித்துத் திருப்பிவிட்டது டெல்லி. பெய்ரூட்டில் ஆட்களை ஏற்றி, சைப்ரஸ் தீவின் லார்னகா துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து விமானத்தில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். சுமார் 2,280 பேர் அப்படி மீண்டு வந்தார்கள். இந்தியர்களோடு இலங்கையரும் நேபாளியரும் அதில் உண்டு. 'ஆபரேஷன் சுகூன்' என்று அதற்குப் பெயர்.

அந்த நான்கு கப்பல்கள்: மும்பை, பிரம்மபுத்ரா, பேத்வா, சக்தி. முதல் மூன்றும் போர்க்கப்பல்கள்; ஏவுகணையும் பீரங்கியும் உள்ளவை. நாலாவது ஓர் எண்ணெய்க் கப்பல். கடற்படையினர் 'ஃப்ளீட் டேங்கர்' என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் போர்க்கப்பல்களுக்கு ஓடிக்கொண்டே எரிபொருள் ஊற்றுவது அதன் வேலை. 1976இல் பணிக்கு வந்த சக்திக்கு அப்போது முப்பது வயது. அடுத்த ஆண்டே, 2007இல், அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

போர்க்கப்பலின் வரலாற்றை எழுதுவது சுலபம். இன்ன தேதியில் இன்ன கப்பலை மூழ்கடித்தது, இன்ன பதக்கம் வாங்கியது என்று கணக்கு இருக்கும். எண்ணெய்க் கப்பலுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. அதன் வரலாற்றை அதன் பெயரில் தேடினால் பக்கம் நிறையாது. மற்றக் கப்பல்களின் பயணங்களுக்குள் புகுந்துதான் தேடி எடுக்க வேண்டும். அப்படித் தேடும்போது எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. இந்தியக் கடற்படை தன் கரையை விட்டு எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை ஒவ்வொரு காலத்திலும் முடிவுசெய்தது பீரங்கி அல்ல, இந்த டேங்கர்தான்.

கோவையில் உட்கார்ந்துகொண்டு கடற்படை டேங்கரைப் பற்றி எழுதுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எண்ணெயையும் தண்ணீரையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதைப் பிழைப்பாகக் கொண்ட சீமை இது. தென்மாநிலங்களின் சமையல் எரிவாயுவைச் சுமக்கும் டேங்கர் லாரிகளில் பெரும்பாலானவை நாமக்கல்காரர்களுடையவை. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் எண்ணெய்க் குழாய் இருகூரைத் தொட்டுவிட்டுத்தான் கரூருக்குப் போகிறது. எருது பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மோட்டார் ஓடத் தொடங்கியது. அந்த மோட்டாரையும் பம்பையும் இங்கேயே வார்த்து, கடைந்து, நாடெல்லாம் அனுப்பியது கோயம்புத்தூர். ஆகவே ஒரு கப்பலைப் பார்த்து 'இதன் உயிர் பம்பில் இருக்கிறது' என்று சொன்னால், இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

*

கடலில் எண்ணெய் ஊற்றும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குக் கடற்படையில் 'ராஸ்' என்று பெயர். கடலில் வைத்தே நிரப்பிக்கொள்வது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

டேங்கர் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் மணிக்கு 12 முதல் 15 கடல் மைல் வேகம். அசைந்துகொடுக்காமல் போவதுதான் அதன் கடமை. எண்ணெய் வாங்கவேண்டிய கப்பல் பின்னாலிருந்து வந்து, பக்கவாட்டில் சேர்ந்து, அதே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே முப்பது, நாற்பது மீட்டர் இடைவெளிதான் இருக்கும். ஊர்க்கிணறு இரண்டு அகலம் என்று வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இரண்டு பக்கக் கரையும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஒரு துப்பாக்கிச் சத்தம். குண்டு அல்ல, மெல்லிய நூல் ஒன்று பறந்துபோய் அடுத்த கப்பலின் தளத்தில் விழும். அந்த நூலைப் பிடித்து இழுத்தால் அதன் நுனியில் கொஞ்சம் தடித்த கயிறு வரும்; அதை இழுத்தால் இன்னும் தடித்தது; கடைசியில் எஃகு வடம். இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டே இருப்பதற்காக வண்ணத் துணிகள் கட்டிய ஒரு கயிறு முன்பக்கம் பிடிக்கப்பட்டிருக்கும். வடம் இறுகியதும் அதில் தொங்கியபடி ஹோஸ் குழாய் வழுக்கிக்கொண்டு வரும். அதன் மூக்கு, வாங்கும் கப்பலின் பள்ளத்தில் 'ணங்' என்று உட்காரும். எரிபொருள் போய்க்கொண்டிருக்கிறது, எச்சரிக்கை என்பதற்கு அடையாளமாகச் சிவப்புக் கொடி ஏறும். அப்புறம்தான் பம்பு ஓடும்.

அலையில் இரண்டு கப்பலும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும், விலகும். வடம் தளர்ந்தால் குழாய் கடலில் விழும். அதிகம் இறுகினால் அறுந்து, அங்கே நிற்பவனை வெட்டிப்போடும். அதனால் வடத்தை ஒரு வின்ச் அலைக்குத் தகுந்தாற்போல் விட்டும் இழுத்தும் கொடுத்துக்கொண்டிருக்கும். எதிர்பாராதது நடந்தால் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு விலகுவதற்குக் கோடாரி கையெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். இவ்வளவும் முடிய ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அந்த நேரம் முழுதும் சுக்கான் பிடித்தவன் அரை டிகிரி, ஒரு டிகிரி என்றுதான் திருத்துவான்.

இதில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு கப்பல்களுக்கு நடுவே தண்ணீர் நெருக்குண்டு வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி இரண்டு கப்பலும் இழுபடும். முகப்புப் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக ஒரு தள்ளு இருக்கும். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள இரண்டு இரும்பு மலைகள் தாமாகவே ஒன்றையொன்று முட்டப் பார்க்கும் இந்த விதி வேறெங்கோ இருப்பதல்ல. நம் தோட்டத்து ஜெட் பம்பு ஓடுவதும் இதே விதியில்தான். போர்வெல் குழிக்குள் இறங்கும் இரண்டு குழாய்களில் ஒன்று தண்ணீரைக் கீழே தள்ளும். அந்தத் தண்ணீர் 'வெஞ்சுரி' என்ற குறுகிய வாய் வழியே சீறும்போது சுற்றிலும் அழுத்தம் குறைந்து, அடியில் கிடக்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலேறும். அறுபதடி ஆழத்திலிருந்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே விசைதான் அங்கே மாலுமியின் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. பம்புப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்தக் கப்பலு ரெண்டும் வெஞ்சுரிக்குள்ள ஓடுதுங்க" என்றார். அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

*

இந்த வித்தைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1917இல், முதல் உலகப்போரில், அமெரிக்காவின் மௌமீ என்ற எண்ணெய்க் கப்பல் அட்லாண்டிக் கடலின் நடுவே நின்று, ஐரோப்பாவுக்குப் போன சிறு நாசகாரிக் கப்பல்களுக்கு ஓட்டத்திலேயே எண்ணெய் ஊற்றியது. அந்த முறையை வகுத்தவர்களில் ஒருவர் அக்கப்பலின் இளம் எந்திர அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். பின்னாளில் ஜப்பானுக்கு எதிராகப் பசிபிக் கடற்படை முழுவதையும் நடத்தியவர் அவரே. பசிபிக் போரின் தூரங்களை அவர் டேங்கரின் தளத்தில் நின்று கற்றிருந்தார் என்பது என் கணிப்பு.

அந்தப் பசிபிக் போரில் ஓர் எண்ணெய்க் கப்பல் தன் உடம்பையே கொடுத்தது. 1942 மே 7 அன்று பவளக் கடலில் நியோஷோ என்ற டேங்கரைப் பார்த்த ஜப்பானிய உளவு விமானம் அதை விமானந்தாங்கி என்று தவறாகச் சொல்லிவிட்டது. ஜப்பானியரின் பெரும் விமானப்படை அதன்மேல் போய் விழுந்தது. உண்மையான அமெரிக்க விமானந்தாங்கிகள் அந்தக் காலைப்பொழுதில் தப்பின. எரிந்து சாய்ந்த நியோஷோ நாலு நாள் மிதந்துகொண்டிருந்தது.

நம் கரைக்கு இன்னும் அருகிலும் இது நடந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை மூழ்கடித்தன. ஹெர்மிஸின் பெயரை எல்லாரும் எழுதினார்கள். அன்றைக்கே அதே கடலில் போன அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிட்டிஷார் கட்டி நிறுத்தியிருந்த பெரும் எண்ணெய்த் தொட்டிகளில் ஒன்றும் அன்று அழிந்தது. மிஞ்சிய 99 தொட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ள இந்தியாவும் இலங்கையும் 2022 ஜனவரியில்கூட ஒப்பந்தம் போட்டன. எண்பது வருடம் கழிந்தும் அந்தத் தொட்டிகளின் மதிப்பு குறையவில்லை.

கோயம்புத்தூர் இந்தக் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். பீளமேட்டு விமானத்தளத்தை 1942இல் பிரிட்டிஷ் கடற்படை எடுத்துக்கொண்டு, அங்கே விமானம் பழுதுபார்க்கும் பெரும் பணிமனையை அமைத்தது. கரையில் இருந்தாலும் கடற்படை நிலையங்களுக்குக் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். அதன்படி இந்தப் பணிமனைக்கு 'கருடா' என்று பெயர். சூலூரில் இன்னொரு நிலையம்; அதன் பெயர் 'வைரி'. இரண்டும் 1946 வரை இயங்கின. இந்தியப் பெருங்கடலில் சுற்றிய விமானந்தாங்கிகளின் பழுதான விமானங்கள், பஞ்சு மில் சங்கொலி கேட்கும் பீளமேட்டுக்கு வந்து சீராகித் திரும்பின. கருடா என்ற பெயரைச் சுதந்திர இந்தியா 1953இல் கொச்சியில் தொடங்கிய கடற்படை விமான நிலையத்துக்குச் சூட்டியது. அந்தப் பெயர் முதலில் குடியிருந்தது நம் பீளமேட்டில் என்பது இன்று இங்கே விமானம் ஏறுகிறவர்கள் பலருக்குத் தெரியாது.

திருகோணமலையிலிருந்து 1945 ஜனவரி 16 அன்று நான்கு விமானந்தாங்கிகள் சுமத்ராவை நோக்கிக் கிளம்பின. பாலெம்பாங்கில் இருந்த எண்ணெய் ஆலைகளைக் குண்டுவீசி அழிப்பது திட்டம். ஜப்பானிய விமானங்களுக்கான எரிபொருளில் பெரும்பங்கு அங்கேதான் வடிக்கப்பட்டது. ஆனால் எதிரியின் எண்ணெயை அழிக்கப்போன கடற்படையைத் தாங்கியதும் நான்கு டேங்கர்கள்தான்: எக்கோடேல், வேவ் கிங், எம்பயர் சால்வேஜ், ஆர்ன்டேல். இவற்றில் எம்பயர் சால்வேஜின் கதை தனி. லோத்ரிங்கன் என்ற ஜெர்மானிய டேங்கராக இருந்தது அது. 1941இல் பிரிட்டிஷார் அதைப் பிடித்தபோது, ஜெர்மானியர் பயன்படுத்திய மிதக்கும் ரப்பர் குழாய்களும் அவர்கள் கைக்கு வந்தன. தங்களுடைய கனத்த உலோகக் குழாயைவிட அது எவ்வளவோ மேல் என்று கண்டு, அதையே தங்களுக்கும் செய்துகொண்டார்கள்.

பிரிட்டிஷாரின் பழக்கம் குழாயைக் கப்பலுக்குப் பின்னால் மிதக்கவிட்டு, வாங்கும் கப்பல் அதைத் தொடர்ந்து வந்து எடுத்துக்கொள்வது. மோசமான கடலில் இது நிறையத் தொந்தரவு கொடுத்தது. குழாய்கள் அறுந்தன, நேரம் கடந்தது, தாக்குதல் தேதி தள்ளிப்போனது. ஜனவரி 24இல் ஒரு தாக்குதல், 29இல் இன்னொன்று. மூன்றாவது முறை போவதற்கு எண்ணெய் போதவில்லை. ஆஸ்திரேலியா பக்கம் திரும்பினார்கள். விமானம் இருந்தது, குண்டு இருந்தது, விமானிகள் இருந்தார்கள். டேங்கரில் இருந்த அளவுதான் போரின் அளவாயிற்று.

*

சுதந்திர இந்தியா இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் படித்தது. 1967இல் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துப் பிரெமர் வுல்கான் தளத்தில் கட்டிய தீபக் பணிக்கு வந்தது. அதே தளத்திலிருந்து 1976இல் சக்தி. இரண்டும் நீராவி டர்பைனில் ஓடியவை. கடற்படையின் பெரிய கப்பல்களும் அப்போது கொதிகலன் வைத்து ஓடிய நீராவிக் கப்பல்களே. கறுத்துத் தடித்த உலை எண்ணெயைக் குடிப்பவை.

1971 டிசம்பர் 4 இரவில் கராச்சியைத் தாக்கிய கதை தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நாளைத்தான் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள், துணைக்குக் கில்தான், கச்சால் என்ற இரண்டு கப்பல்கள். அந்தக் குழுவில் ஆறாவதாக ஒரு டேங்கர் இருந்தது. அதன் பெயர் போஷக். ஊட்டம் கொடுப்பவன் என்று பொருள். அந்த ஏவுகணைப் படகுகளோ சோவியத் நாட்டில் கரையோரக் காவலுக்கென்று கட்டப்பட்ட சிறியவை. குறைந்த தூரமே ஓடக்கூடியவை. அவற்றைக் கராச்சி வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது எண்ணெய்க் கணக்கில்தான் சாத்தியமானது. நான்கு நாள் கழித்து நடந்த இரண்டாவது தாக்குதலில் கராச்சியின் கெமாரி எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்த படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தன் எண்ணெயைச் சரியாகக் கணக்கிட்ட பக்கம், எதிரியின் எண்ணெயைக் கொளுத்தியது.

1994 டிசம்பரில் சோமாலியாவில் ஐ.நா. பணியை முடித்த இந்தியப் படையணி திரும்பியபோது பாதுகாப்புக்குப் போனவை கங்கா, கோதாவரி, சக்தி. அங்கே மூன்றாவது பெயர் சக்தி. 2006இல் நான்காவது பெயர். ஓய்வுபெற்ற 2007க்குப் பிறகு நிலைமை கொஞ்சம் கலங்கவைப்பது. பழைய தீபக் 1996லேயே போய்விட்டது. ரஷ்யாவில் வாங்கி 1996இல் சேர்த்த ஜோதி, கல்கத்தாவில் கட்டிய ஆதித்யா என்று ஆழ்கடலுக்குப் போகும் டேங்கர்கள் இரண்டே மிஞ்சின. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை, இரண்டு பக்கமும் கடற்படைத் தொகுதி, நடுவே இரண்டு எண்ணெய்க் கப்பல். ஒன்று பழுதுபார்க்கப் போனால் ஒன்றுதான்.

ஆதித்யாவின் பிறப்பே நீண்ட கதை. 1985இல் கட்ட உத்தரவு கொடுத்தார்கள். 1993இல் கடலில் இறக்கினார்கள். 2000 ஏப்ரலில்தான் பணியில் சேர்ந்தது. ஓர் எண்ணெய்க் கப்பலுக்குப் பதினைந்து வருடம். போர்க்கப்பல் தாமதமானால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். டேங்கர் தாமதமானால் குரல் கொடுப்பவர் குறைவு. இந்த அலட்சியத்தை நான் மிகக் கடுமையாகவே குறை சொல்வேன். தோட்டத்துக்கு மோட்டார் வாங்கிவிட்டு, குழாய்க்குக் காசு ஒதுக்காமல் விடுகிற விவசாயி எங்கள் பக்கம் யாருமில்லை.

அந்த ஆதித்யா 2011 பிப்ரவரியில், லிபியாவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது இந்தியர்களை மீட்கப் போன ஜலாஷ்வா, மைசூர் ஆகியவற்றோடு மத்தியதரைக் கடல் வரை போனது. மறுபடியும் அதே கடல், அதே மாதிரி அவசரம், அதே மாதிரி கடைசியில் ஒரு பெயர்.

*

2008இல் இத்தாலியின் ஃபின்கான்டியேரி நிறுவனத்திடம் புதிய டேங்கர் கட்டச் சொன்னார்கள். மூன்றே வருடத்தில், 2011 ஜனவரியில், புதிய தீபக் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று விசாகப்பட்டினத்தில் புதிய சக்தி. 175 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், முழுச் சுமையில் 27,500 டன். மேல்தோல் கிழிந்தாலும் எண்ணெய் கடலில் கொட்டாதபடி இரட்டைச் சுவர் உடம்பு. ஒரே நேரத்தில் நான்கு கப்பலுக்கு ஊற்றும் வசதி.

அதன் வயிற்றில் கொள்ளும் திரவச் சரக்கு 15,500 டன். இதை நம் கணக்கில் சொல்கிறேன். இருபதாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்று சுமார் 17 டன் டீசல் ஏற்றும். அப்படிப் பார்த்தால் சுமார் 900 லாரி. சங்ககிரியில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் பவானிக்குப் போகும் வழியில் ஏறக்குறைய பாதித் தூரம் வந்துவிடும். இறைக்கும் வேகம் மணிக்கு 1,500 டன். அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லாரி. பங்க்கில் ஒரு லாரி தன் டீசலை நிலத்தடித் தொட்டிக்குள் இறக்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேகத்தின் பொருள் தெரியும். எண்ணெய் வெளியே போகப் போகக் கப்பல் இலேசாகி மிதக்கும். ஒரு பக்கத் தொட்டி முதலில் காலியானால் சாயும். எந்தத் தொட்டியிலிருந்து எப்போது இறைப்பது, எந்தத் தொட்டியில் கடல்நீரை எடுத்துச் சமன் செய்வது என்பது அங்கே ஒருவர் கண் இமைக்காமல் பார்க்கும் வேலை.

சக்தி சேர்ந்த பிறகு நடந்த பயணங்களின் கப்பல் பட்டியலை ஒரு காகிதத்தில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன். 2012இல் தென்சீனக் கடல் வழியாக ஷாங்காய் வரை: ராணா, ஷிவாலிக், கார்முக், சக்தி. 2016இல் ஜப்பானின் சசெபோவில் மலபார் கூட்டுப்பயிற்சி: சாத்புரா, சஹ்யாத்ரி, கிர்ச், சக்தி. 2018இல் குவாம் தீவருகே மலபார்: சஹ்யாத்ரி, கமோர்தா, சக்தி. 2019 மே மாதம் தென்சீனக் கடலில் அமெரிக்க, ஜப்பானிய, பிலிப்பைன்ஸ் கப்பல்களோடு: கொல்கத்தா, சக்தி. 2024இல் சிங்கப்பூர், மலேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ்: டெல்லி, கில்தான், சக்தி. 2025 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் கடற்படையோடு தென்சீனக் கடலில் முதல் கூட்டுப் பயணம்: டெல்லி, கில்தான், சக்தி.

முன்னால் உள்ள பெயர்கள் மாறுகின்றன. கடைசிப் பெயர் மாறவில்லை. பதின்மூன்று வருடமாக இந்தியா மலாக்கா நீரிணைக்கு அப்பால் கால் வைத்த இந்தப் பயணங்களில் எல்லாம் சக்தி இருந்திருக்கிறது. அது இல்லாமல் இந்தப் பட்டியலை எழுதவே முடியாது. 2012 பயணத்தில் சீனப் போர்க்கப்பல் ஒன்று வானொலியில் வரவேற்புச் சொல்லிவிட்டு வெகுநேரம் கூடவே வந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தச் செய்திகளில் ஷிவாலிக்கின் அடையாள எண் இருந்தது. அந்தத் தூரத்துக்கு ஷிவாலிக்கைக் கொண்டுபோனது எது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1971இல் போஷக்கோடு போன கில்தானின் பெயரைத் தாங்கிய புதிய கப்பல்தான் 2024இல் சக்தியோடு போயிருக்கிறது. பெயர்கள் கப்பலை விட நீண்ட ஆயுள் உள்ளவை.

மேற்குக் கரையில் தீபக்கும் சும்மா இருக்கவில்லை. ரஷ்யாவின் செவெரோத்வின்ஸ்கில் 2013 நவம்பரில் கிளம்பிய 44,500 டன் விமானந்தாங்கி விக்ரமாதித்யா 2014 ஜனவரியில் கார்வார் வந்து சேர்ந்தது. வழித்துணைக்கு வந்தவை திரிகண்ட் என்ற போர்க்கப்பலும் தீபக் டேங்கரும். வடதுருவத்தை ஒட்டிய குளிர்கடலிலிருந்து ஐரோப்பாவைச் சுற்றி அரபிக் கடல் வரை, ஆயிரம் ஆயிரம் கடல் மைல்கள். கொதிகலன்களில் ஓடும் அந்தப் பெரும் கப்பலுக்கு இந்தியக் கடற்படைக்குச் சொந்தமான எண்ணெய்க் கப்பல் ஒன்று கூட இருந்தது சின்ன விஷயம் அல்ல.

அயலார் டேங்கரில் வாங்கிக்கொள்ளவும் இப்போது வழி திறந்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவோடு கையெழுத்தான தளவாட ஒப்பந்தத்தின்படி, 2020 செப்டம்பரில் அரபிக் கடலில் தல்வார் என்ற நம் போர்க்கப்பல் யூகான் என்ற அமெரிக்க டேங்கரிடம் எரிபொருள் வாங்கியது. இது உதவிதான், ஆனால் அடுத்தவர் கிணற்றை நம்பி நடவு நடுவதற்கு ஓர் எல்லை உண்டு. லெபனானிலும் லிபியாவிலும் நடந்த மாதிரி மீட்பு வேலைகளில், யார் கிணறு திறந்திருக்கும் என்று காத்திருக்க நேரம் இருப்பதில்லை.

அதனால்தான் 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்து இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தோடு போட்ட ஒப்பந்தம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஐந்து துணைக் கப்பல்கள், ஒவ்வொன்றும் 44,000 டன், மொத்தம் சுமார் 19,000 கோடி ரூபாய். இன்றைய சக்தியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியவை. முதல் கப்பலுக்கு 2024 ஏப்ரலில் எஃகு வெட்டினார்கள். ஐந்தில் இரண்டைக் கட்டும் வேலை சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி தளத்துக்கு வந்திருக்கிறது. அங்கே 2025 மார்ச்சில் எஃகு வெட்டும் வேலை தொடங்கியது.

எண்ணெய்க் கப்பலில் பீரங்கி குறைவு. பம்பும் வால்வும் குழாயும் மோட்டாரும் வார்ப்பும்தான் அதிகம். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு அறிவித்த ஐந்து ஊர்களில் கோயம்புத்தூர், சேலம், ஓசூர் மூன்றும் மேற்கே இருக்கின்றன. கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள சிறு பட்டறைகளுக்கு விமானத்தையும் ஏவுகணையையும் பற்றிய கருத்தரங்குகள் நிறைய நடக்கின்றன. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர் தொண்ணூறு வருடமாகக் கைப்பழக்கமாய்ச் செய்துவருவது எதுவோ, அது நிரம்பிய கப்பல்கள் நம் மாநிலத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கின்றன. கடல்நீர் அரிக்காத உலோகத்தில் வார்ப்பது, அதிர்விலும் தீயிலும் தாங்குமா என்று சோதிப்பது, கடற்படைத் தரச்சான்று வாங்குவது எல்லாம் செலவுள்ள வேலைகள். தனி ஒரு பட்டறை தாங்காது. கொடிசியா மாதிரி சிறுதொழில் அமைப்புகள் கூட்டாக எடுத்துச் செய்ய வேண்டும், அரசு பக்கத்தில் நிற்க வேண்டும். ஆதித்யாவுக்கு ஆன பதினைந்து வருடத்தை இந்த ஐந்துக்கும் நேரவிடக் கூடாது.

கோவை ரெட்ஃபீல்ட்ஸில் அக்ரணி என்ற கடற்படை நிலையம் இருக்கிறது. மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பில் பயிற்சி கொடுக்கும் இடம். கடலே இல்லாத ஊரில் வெள்ளைச் சீருடையோடு ரேஸ்கோர்ஸ் பக்கம் நடந்துபோகும் இளைஞர்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். டேங்கரில் வேலை பார்த்த ஒருவரோடு ஒருமுறை தேநீர் குடிக்க வாய்த்தது. நீண்ட பயணம் முடிந்து துறைமுகம் திரும்பும் நாளைப் பற்றிக் கேட்டேன். மற்றக் கப்பல்களைக் கரையில் கட்டியதும் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்களாம். "எங்க கப்பல் மட்டும் எண்ணெய்த் துறைக்குப் போகுங்க" என்றார். அங்கே கரைக்குழாயைப் பூட்டி, காலியான தொட்டிகளை ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். அளவுகோலை இறக்கி மட்டம் பார்ப்பது, மாதிரி எடுத்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிப்பது, சிவப்புக் கொடி இறங்கும்வரை தளத்தில் யாரும் தீக்குச்சி உரசாமல் காவல் நிற்பது. அது முடிய எத்தனை மணி ஆனாலும் முடித்துவிட்டுத்தான் அவர்கள் ஊருக்குப் போன் பண்ணுவார்கள்.